பின் சீட்டிலிருந்து நீண்ட கை

மூன்று வருஷங்களுக்கு முன்பு, ஐப்பசியில் மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு காலை நேரம். காரைக்கால் கோவில்பத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து வரிச்சிக்குடிக்கு ஸ்கூட்டரில் கிளம்பினேன். பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பதுதான் என் தொழில். அன்று என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கு லைசென்ஸ் டெஸ்ட். அவளை அந்த ஊரிலிருந்து ஏற்றிக்கொண்டு பத்தரை மணிக்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய்ச் சேர வேண்டும். டெஸ்ட்டும் என் வண்டியில்தான்.

அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இருபது வயது. அப்பா விவசாயி. டவுனில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை. கடை மூடும் நேரத்துக்குப் பஸ் சரியாகக் கிடைப்பதில்லை என்பதால் வண்டி பழக வந்தாள். நான் எது சொன்னாலும் "சரிக்கா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டாள். டெஸ்ட்டுக்காகக் கடையில் கெஞ்சி ஒரு நாள் லீவு வாங்கியிருந்தாள்.

எனக்கு முந்தின நாளிலிருந்தே கடுமையான ஜலதோஷம். விடாமல் தும்மல். மெடிக்கலில் மாத்திரை வாங்கும்போதே கடைக்காரர், "தூக்கம் வரும்க்கா, ராத்திரி சாப்பிட்டுப் போட்டுக்குங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார். ராத்திரி போட்டேன். காலையில் எழுந்தால் மறுபடியும் தும்மல். டெஸ்ட் எடுக்கிற அதிகாரி முன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்பதா என்று இட்லி சாப்பிட்ட கையோடு இன்னொன்றையும் போட்டுக்கொண்டேன். ஒன்றுதானே, என்ன செய்துவிடும் என்று நினைத்தேன்.

இதில் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கும் விஷயம் ஒன்று உண்டு. குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களைப் பற்றி என் அளவுக்கு வகுப்பெடுத்தவர்கள் எங்கள் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் சரக்கு விலை குறைவு. லீவு நாளில் வெளியூரிலிருந்து வந்து குடித்துவிட்டு அப்படியே வண்டியில் திரும்புகிறவர்கள் உண்டு. அப்படிப்பட்டவனைத் தூரத்திலேயே எப்படிக் கண்டுபிடிப்பது என்று என்னிடம் பழக வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். இன்டிகேட்டரை அணைக்க மறந்து போய்க்கொண்டே இருப்பான். நேர் ரோட்டில் காரணமே இல்லாமல் வேகம் ஏறும், இறங்கும். ஓரத்துக்கும் நடுவுக்குமாக வண்டி அலையும். அந்த மாதிரி ஒருத்தர் பின்னால் உட்காரச் சொன்னால் உட்காராதே, தெரியாமல் உட்கார்ந்துவிட்டால் நிறுத்தச் சொல்லி இறங்கு, அப்பா, அண்ணன் என்று மரியாதை பார்க்காதே என்பேன். சொல்லும்போது என் குரலில் ஒரு மிதப்பும் இருக்கும். நமக்குத்தான் அந்தப் பழக்கமே கிடையாதே!

வரிச்சிக்குடி போகும்வரை ஒன்றும் தெரியவில்லை. அவள் தலை நிறையப் பூவோடு, ஒரு பிளாஸ்டிக் கவரில் எல்.எல்.ஆர். காகிதங்களோடு வாசலில் நின்றிருந்தாள். ஏற்றிக்கொண்டு திரும்பினேன். இரண்டு பக்கமும் வயல், நடவு நடந்துகொண்டிருந்தது. குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது. கண்ணுக்குள் மெல்ல ஒரு பஞ்சு வந்து அடைத்த மாதிரி இருந்தது. சுகமாகத்தான் இருந்தது, அதுதான் ஆபத்தே.

"அக்கா, இன்டிகேட்டர் எரிஞ்சிக்கிட்டே வருது" என்றாள் பின்னாலிருந்து. அணைத்தேன். எங்கே போட்டேன் என்பதே நினைவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும், "அக்கா, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

"சளிடீ. மாத்திரை போட்டிருக்கேன். ஒண்ணுமில்ல."

அவள் கண்ணாடியில் என் முகத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு, அதுவரை நான் அவளிடம் கேட்டிராத ஒரு குரலில், "அக்கா, நிறுத்துங்க. வண்டி அலையுது. நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே அலையுது" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. பத்து வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், நேற்று பழகிய பெண் எனக்குச் சொல்கிறாளா? "டெஸ்ட்டுக்கு நேரமாச்சு, பேசாம வா" என்றேன். அதுதான் எனக்கு நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது அவளுடைய அலறல்.

கண்ணைத் திறந்தபோது ரோட்டின் ஓரத்தில் வயலுக்குப் போகும் பெண்கள் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். வண்டி நேராக அவர்கள் முதுகைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. என் கை எந்த வேலையும் செய்யவில்லை. என் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டு வந்து இடது பிரேக்கை என் விரல்களோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தது. பழகுகிற பெண்கள் பதறும்போது பின்னால் உட்கார்ந்து நான் பிடிப்பேனே, அதே பிடி. வண்டி ஈர மண்ணில் வழுக்கிச் சாய்ந்தது. நாங்கள் இரண்டு பேரும் புல்லில் விழுந்தோம். கடைசியாக நடந்துகொண்டிருந்த ஒரு அம்மாவின் தூக்குவாளி தெறித்துச் சோறு மண்ணில் கொட்டியது. அவ்வளவுதான். அந்த அம்மாவுக்கும் என் முன் சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருந்தால் அதிகம்.

அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். முதலில் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் வந்து குனிந்து, எல்லார் முன்னாலும் என் வாயை முகர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, பொம்பளையும் குடிச்சிட்டு வண்டி ஓட்ட ஆரம்பிச்சிட்டீங்களா?"

நான் பதறிப்போய், "ஐயோ இல்லைங்க, சளி மாத்திரைங்க. நான் அந்த மாதிரி ஆளு இல்லைங்க" என்றேன். நாக்கு குழறியது. எனக்கே குடிகாரி பேசுகிற மாதிரிதான் கேட்டது.

"எதைப் போட்டிருந்தா என்னம்மா? மேல ஏறியிருந்தா எனக்கு எல்லாம் ஒண்ணுதானே?"

நான் மண்ணில் கிடந்த தூக்குவாளியை எடுத்துத் துடைத்து அவரிடம் நீட்டினேன்.

என் மாணவி எழுந்து பாவாடையில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தாள். முழங்கையில் சிராய்ப்பு. வண்டியை நிமிர்த்தி ஸ்டாண்டு போட்டு, சாவியை உருவித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை மூடினாள். "டெஸ்ட் அடுத்த வாரம் போட்டுக்கலாம்க்கா" என்றாள். ஒரு டீ குடித்தால் சரியாகிவிடும், முகம் கழுவினால் போய்விடலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள், இல்லையென்று.

அந்த அம்மாவின் வீடு ரோட்டை ஒட்டியே இருந்தது. இவ்வளவு திட்டியவர், "கண்ணு சொருகுது பாரு, போய்ப் படுக்கட்டும்" என்று அவளிடம் சொல்லி, கதவைத் திறந்துவிட்டு, பானையில் மிச்சமிருந்த சோற்றை வாளியில் போட்டுக்கொண்டு நடவுக்குப் போய்விட்டார். என்னால் செத்திருக்க வேண்டிய ஒருத்தருடைய வீட்டில், அவருடைய பாயில் படுத்து நான் இரண்டரை மணி நேரம் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன்.

விழித்தபோது அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தப் பிளாஸ்டிக் கவர். தலையில் பூ வாடியிருந்தது. டெஸ்ட் நேரம் எப்போதோ முடிந்திருந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல், "கோபமாடீ?" என்றேன்.

"பயம்தாங்க்கா. நிறுத்தச் சொன்னா நீங்க திட்டுவீங்கன்னு முன்னாடியே சொல்லாம இருந்துட்டேன். இன்டிகேட்டரப் பாத்தப்பவே சொல்லியிருக்கணும்" என்றாள். என் தப்பில் தன் பங்கைத் தேடிக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் சிரித்துவிட்டாள். "இப்ப மூஞ்சி நல்லாருக்குக்கா, போலாமா?" என்று சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் டெஸ்ட்டில் அவள் ஓட்டியதைப் பார்த்து எழுந்து நின்று கைதட்டலாம் போலிருந்தது. கால் தரையில் படாமல் எட்டு போட்டாள். திரும்பிப் போகிற வழியில் அந்த அம்மாவுக்கு ஒரு புது தூக்குவாளி வாங்கிப் போனோம். "இதெல்லாம் எதுக்கு?" என்று வாங்கி வைத்துக்கொண்டு, என்னைக் காட்டி, "இன்னிக்கு முழிச்சிருக்காங்களா?" என்று அவளிடம்தான் கேட்டார்.

அதற்குப் பிறகு என் முதல் நாள் வகுப்பு மாறிவிட்டது. வண்டியைத் தொடுவதற்கு முன்னால் இந்தக் கதையை முழுதாகச் சொல்கிறேன், வாயை முகர்ந்து பார்த்தது உட்பட. பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், பிரேக்கைப் பிடித்த இடம் வரும்போது சிரிப்பு நின்றுவிடும். தலையைக் கிறங்க வைப்பது பாட்டிலில் மட்டும் இல்லை; மாத்திரையில் இருக்கிறது, காய்ச்சலில் இருக்கிறது, கல்யாண வீட்டில் விடிய விடிய விழித்த கண்ணில் இருக்கிறது என்று பிறகு நான் தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை. போன மாதம் கல்லூரிப் பெண் ஒருத்தி காலையிலேயே போன் பண்ணி, "அலர்ஜிக்கு மாத்திரை போட்டிருக்கேன்க்கா, இன்னிக்கு கிளாஸுக்கு வரல" என்றாள். இன்னொருத்தி, விசேஷத்தில் குடித்துவிட்டு வந்த அண்ணன் பைக்கில் ஏற மறுத்து ஆட்டோவில் வந்ததாகவும், அண்ணன் இரண்டு நாள் பேசவில்லை என்றும் சொன்னாள். பேசாமல் இருக்க அண்ணன் உயிரோடு இருக்கிறானே, அது போதும் என்றேன்.

அன்று பிரேக்கைப் பிடித்தவள் இப்போது சொந்த வண்டியில் வேலைக்குப் போய் வருகிறாள். எதிரே பார்த்தால் ஹாரன் அடித்துவிட்டுப் போவாள். எத்தனையோ பெண்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். என் பேச்சைத் தட்டிய அந்த ஒருத்தியால்தான், நான் சரியாகக் கற்றுக்கொடுத்திருக்கிறேன் என்ற நிம்மதி எனக்கு இருக்கிறது.