சாத்தான் ஓட்டாத ஆட்டோ

சற்குணம் இருபது வருடமாகத் திருத்தணியில் ஆட்டோ ஓட்டுகிறார். பஸ் ஸ்டாண்டிலிருந்து மலைக்கோயிலுக்குச் சவாரி. ஞாயிறு காலை மட்டும் வண்டிக்கு லீவு. கிறிஸ்தவ சபையில், ஆண்டவர் தனக்குச் செய்ததை எல்லார் முன்னும் சாட்சியாகச் சொல்லும் நேரம் வந்தால் முதலில் எழுந்து நிற்பவர் அவர்தான். அந்தச் சபையில் சாத்தானுக்கு ஓய்வே கிடையாது. புருஷனிடம் எரிந்து விழுந்தால் சாத்தான் தூண்டினான், ஜெபக்கூட்டத்துக்கு வராமல் தூங்கிப்போனால் அவன் அமுக்கினான். பாவம், எத்தனை பழியைத்தான் சுமப்பான்!

போன ஆடிக்கிருத்திகைக் கூட்டத்தில் சற்குணம் செல்போனில் பேசிக்கொண்டே வண்டியைப் பின்னால் எடுத்தார். பூ விற்கும் புஷ்பலதாவின் கால் சக்கரத்தில் மாட்டி எலும்பு முறிந்தது. அவர் இறங்கவில்லை. வண்டியோடு காவடிக் கூட்டத்துக்குள் நழுவிவிட்டார். பக்கத்தில் தன் ஆட்டோவோடு நின்றிருந்த டிரைவர் டில்லிபாபுவைத்தான் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். அவன் மேல் கேஸ் போட்டார்கள்; ஆட்டோ ஸ்டாண்டிலிருந்தும் நீக்கிவிட்டார்கள். நான்கு மாதம் அவன் தெருத் தெருவாகச் சவாரி தேடி அலைந்ததைச் சற்குணம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "சாத்தான் என் கண்ணை மறைச்சிட்டான் ஆண்டவரே" என்று வீட்டில் முழங்காலில் நின்று அழுதார். நெஞ்சு ஆறவில்லை.

நவம்பரில் ஒரு ஞாயிறு. சாட்சிக்கு எழுந்தவர், பழக்கத்தில், "சாத்தான் என்னை..." என்று தொடங்கி, சட்டென்று நிறுத்தினார்.

"இல்ல. போன் பேசினது நானு. பூக்காரம்மா கால்ல ஏத்தினது நானு. டில்லிபாபு மாட்டிகினு முழிக்கறத பாத்துகினு சும்மா இருந்ததும் நானு. இதுல வேற யாரும் இல்ல."

மனைவி பெபி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஜெபம் பண்ணலாம் பிரதர். கர்த்தர் மன்னிப்பார்" என்றார் பாஸ்டர்.

"மன்னிப்பாருங்க. அந்தத் தைரியத்துலதான் இப்ப போறேன்."

ஆராதனை முடியும்வரைகூட அவர் நிற்கவில்லை. பள்ளிப்பட்டு ரோட்டில் நின்றிருந்த டில்லிபாபுவைக் கையோடு ஸ்டாண்டுக்கு அழைத்துவந்து, அத்தனை டிரைவர்கள் முன்னாலும் நடந்ததைச் சொன்னார். டில்லிபாபு அவர் சட்டையைப் பிடித்துவிட்டான்.

"எம் பொண்ணு ஸ்கூலுக்குத் தலை குனிஞ்சிகினு போச்சுண்ணா!"

"ஆங், என்னாலதான். அடிச்சாலும் வாங்கிக்கிறேன்பா."

பிடித்த கை தானாகத் தளர்ந்தது. அங்கிருந்து சற்குணம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தார். பிறகு புஷ்பலதா வீடு. அவள் ஒரு மணி நேரம் திட்டித் தீர்த்தாள்.

இப்போது ஸ்டாண்டில் டில்லிபாபு நிற்கிறான், சற்குணத்துக்கு இடமில்லை. கேஸ் அவர் பேருக்கு மாறிவிட்டது. ஆனால் மனிதர் நடக்கிற நடையைப் பார்க்க வேண்டுமே! எவன் எதிரே வந்தாலும் கண்ணைப் பார்த்துப் பேசுகிறார்.

தை பிறந்து ஒரு காலை, மார்க்கெட் முனையில் புஷ்பலதா கைத்தடியும் பூக்கூடையுமாக நின்றிருந்தாள். சற்குணம் தயங்கித் தயங்கி வண்டியை நிறுத்தினார். அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கூடையை உள்ளே வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

சற்குணம் வண்டியைக் கிளப்பினார். கொஞ்ச தூரம் போனதும் சந்தோஷம் பாட்டாக வெடித்தது. பின் சீட்டில் முருகனுக்குப் போகும் மாலைகள், முன் சீட்டில் தெருவே திரும்பிப் பார்க்கும்படி அல்லேலூயா.

"நல்லாத்தான் பாடுற" என்றாள் புஷ்பலதா. "ரோட்டைப் பாத்துகினு பாடு."