பைன் கிளையில் ஒரு தொட்டில்

கோயில் என்று யாராவது சொன்னால் போதும், நான் வேண்டுதலுக்குத் தயாராகிவிடுவேன். அது எந்த ஊர்ச் சாமி என்றெல்லாம் விசாரிக்க மாட்டேன். என் கணவருக்கு இதில் பெரிய எரிச்சல். அந்தச் சனிக்கிழமை ஃப்ரீமான்ட்டிலிருந்து சான்ஃபிரான்சிஸ்கோவுக்குப் போகும் வழியிலேயே எச்சரித்தார். "பழைய ஜப்பான் கோயில், கார்டன் பாக்கப் போறோம். அவ்ளோதான். அங்க போயி எதையும் ஸ்டார்ட் பண்ணிடாத."

எனக்கு ஒரு குழந்தை வேண்டும். முந்தைய வருடம் ஐந்தாம் மாதத்தில் ஒன்று போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரமே இருவரும் லேப்டாப்பைத் திறந்து ஆபீஸ் வேலையில் உட்கார்ந்துவிட்டோம். அதன்பிறகு வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. ஊரிலிருந்து போன் செய்தவர்களும் "அடுத்தது நல்லபடியா நிக்கும்" என்று முடித்துக்கொண்டார்கள்.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் சத்தம் அடங்கிவிட்டது. மதிலுக்கு வெளியே பஸ் போவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. பனிமூட்டம் தரைவரை இறங்கியிருந்தது. சீப்பால் வாரியதுபோல் கோடுகோடாகக் கிடந்த வெள்ளைச் சரளையில் ஒரு காலடித் தடம்கூட இல்லை. கோடியில் ஒரு பைன் மரத்தடியில் முழங்கால் உயரத்துக்குக் கல் சிலைகள் வரிசையாக நின்றன. மொட்டைத் தலை, மூடிய கண், பிள்ளை முகம். எல்லாவற்றின் கழுத்திலும் சிவப்புத் துணி. சிலவற்றின் காலடியில் பால் புட்டி, பொம்மைக் கார்.

பிள்ளை வரம் கொடுக்கிற சாமிதான், எனக்குச் சந்தேகமே வரவில்லை. கணவர் குளத்து மீன்களைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். துப்பட்டாவின் ஓரத்தைக் கிழித்து, ஊரில் கோயில் மரத்தில் கட்டுவார்களே, அதேபோல அந்தப் பைன் கிளையில் ஒரு சின்னத் தொட்டில் கட்டினேன். உள்ளே ஒரு கூழாங்கல்லை வைத்து விரலால் ஆட்டிவிட்டு, கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்தபோதும் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. காற்றே இல்லை. பக்கத்துக் கிளையில் ஓர் ஊசியிலைகூட அசையவில்லை.

அப்போது ஓர் அமெரிக்கப் பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும். ஒரு சிலைக்குக் கம்பளித் தொப்பி போட்டு, காது மூடியிருக்கிறதா என்று பார்த்தாள். இது என்ன சாமி என்று கேட்டேன். பிறக்காமலே போன பிள்ளைகளுக்குத் துணையாக இருக்கும் சாமி, பெற்றவர்கள் வந்து துணி கட்டிவிட்டுப் போவார்கள் என்றாள். தன்னுடையது பெண் என்றாள். பிறகு தொட்டிலைப் பார்த்துவிட்டு, உங்களுடையது என்ன குழந்தை என்று மெதுவாகக் கேட்டாள்.

கணவர் எப்போது பின்னால் வந்து நின்றார் என்று தெரியவில்லை. சகுனமே பார்க்காத மனிதருக்கு முகம் வெளுத்திருந்தது. "இங்கயா வேண்டிக்கிட்ட? ப்ளீஸ், அவுத்துடு. கிளம்பிடலாம்."

எனக்கும் பயம்தான். வரப்போகும் பிள்ளையை நானே கொண்டுபோய் அந்த வரிசையில் நிறுத்திவிட்டேனோ என்று தோன்றியது. அவிழ்க்கக் கையை நீட்டினேன். பனியில் நனைந்து துணி கனத்திருந்தது. அதுவரை ஆடிக்கொண்டிருந்த தொட்டில், என் விரல் பட்டதும் நின்றது. ஆட்டியவள் வந்துவிட்டாள் என்று தெரிந்து தூங்கிப்போன மாதிரி.

கையை எடுத்துவிட்டேன்.

"பையன்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். போனது பையன் என்று நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. என் கணவர் அந்தச் சரளையிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.