பாதித் திரை கேட்டவர்

எவரும் காணாத இடத்தும் வழுவாது நிற்கும் நேர்மை அறங்களுள் அரியது. கண்டு போற்றுவார் இல்லாமையால் அதற்குப் புகழ் இல்லை. பல வேளைகளில் பயனும் இல்லை. அந்நேர்மையை உடையவர் ஒருவர், ஹாலிஎலை என்னும் ஊருக்கு மேலே மலைச்சரிவிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் வாழ்கிறார். பெயர் லிங்கம். அகவை நாற்பத்து நான்கு.

தோட்டத்தார் ஸ்டோர் என்றழைக்கும் தேயிலைத் தொழிற்சாலையில் அவர் பத்தொன்பது வயதில் வேலைக்குச் சேர்ந்தார். வாடிய கொழுந்தை முறுக்கும் ரோலர் இயந்திரங்களின் நடுவே இருபத்தைந்து ஆண்டுகள் நின்றார். இயந்திரத்தின் பக்கத்தில் உள்ளங்கையை வைத்தே, உள்ளே இலை எவ்வளவு சூடேறியுள்ளது என்று சொல்வார், பிழைத்ததில்லை. அவ்வியந்திரங்களே அவருடைய செவிகளையும் கொண்டன. முதலில் குருவிகளின் குரல் மறைந்தது. பின்னர் மாரியம்மன் கோயில் மணி மறைந்தது. இறுதியில், மனைவி பூவம்மா எதிரே நின்று உரக்கச் சொன்னால் மட்டும், உதட்டசைவின் துணையோடு பாதி விளங்கும் என்ற நிலை வந்தது.

சென்ற ஆண்டு தொழிற்சாலைக்குப் புதிய ரோலர்கள் வந்தன. பயிற்சி நிலையமொன்றின் சான்றிதழ் பெற்றவரே இனி ரோலர் அறையில் நிற்கலாம் என்றும், ஏனையோர் மலை வேலைக்குச் செல்லவேண்டும் என்றும் நிருவாகம் அறிவித்தது. வகுப்பு ஆறு மாதம். பாடமும் தேர்வும் டேப்லெட் வழியே நடக்கும். டேப்லெட்டைத் தோட்ட அலுவலகம் இரவலாகக் கொடுத்தது. தாம் அறிந்த ஒரே தொழிலில் தொடர்வதற்கு லிங்கத்துக்கு இருந்த ஒரே வழி அதுவே.

அந்த டேப்லெட்டில், பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கித் தரும் செயலி ஒன்றும் இருந்தது. லிங்கம் எழுத்துக்கூட்டாமல் தமிழ் படிப்பவர். திரையின் ஒரு பாதியில் ஆசிரியரும், மறுபாதியில் அவர் சொல்வதன் எழுத்துமாக அமைந்தால் தமக்குக் குறையொன்றும் இல்லை என்று மகிழ்ந்தார். முதல் மாலையில் அவ்வாறே திறந்தார். வகுப்புச் செயலி உடனே மூடிக்கொண்டது. வேறு செயலி திறக்கப்பட்டமையால் வகுப்பு நிறுத்தப்பட்டது என்ற வாசகம் மட்டும் திரையில் நின்றது. மும்முறை முயன்றார்; மும்முறையும் அதே வாசகம்.

அவர்களிடம் இருந்தது பட்டன் ஃபோன். எனவே பக்கத்து வீட்டு ஜெயகுமார் தன் கைபேசியை மாலைதோறும் இரவல் தந்தான். அதை டேப்லெட்டின் அருகே வைத்தால், ஆசிரியர் பேச்சைக் கேட்டு எழுதும். சில மாதம் நன்றாகவே எழுதியது. ஐப்பசி பிறந்ததும் மழை தொடங்கிற்று. தொழிலாளர் வரிசைவீடாகிய லயத்தின் தகரக்கூரைமீது மழை விழும்போது, அருகிருப்பவர் பேச்சே கேளாது. கைபேசி என் செய்யும்? பொருளற்ற சொற்களை இரண்டிரண்டாக எழுதிவிட்டு ஓய்ந்தது. பூவம்மா டேப்லெட்டில் காதை ஒட்டிக் கேட்டு, கொப்பியில் எழுதிக் கொடுக்க முயன்றார். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை அது.

"அந்தாளு பேசுறது காலைப் பெரட்டுல வேலைக்குப் பேர் கூப்புடுற மாதிரி இருக்கு. நான் ஒண்ணு எழுதுறதுக்குள்ள பத்து ஓடிருது," என்றார் பூவம்மா.

"என்னா எழுதியிருக்க? கொழுந்து, கொழுந்து, கொழுந்துன்னு மூணு தரம் இருக்கு."

"அவரு மூணு தரம் சொன்னாரு. நான் என்ன செய்ய?"

வகுப்புச் செயலியைச் செய்தவர்கள் பண்டாரவளையில் இருப்பதை அறிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஏறினர். துணிக்கடையொன்றின் மேல்மாடியில் மூன்று பேர் வேலைசெய்யும் சிறிய அறை. பொறுப்பாளர் ஷாஹ்மி, முப்பது வயதினர். நாற்காலி இட்டு, தேநீர் வரவழைத்து, அவர்கள் சொன்னதை முழுதும் கேட்டார். தம் மறுமொழியை லிங்கம் படிக்கும்படி, பேசப்பேசத் தாளில் பெரிய எழுத்தில் எழுதினார்.

"அண்ணே, பூட்டச் சொன்னதே நிலையம்தான். ரெண்டு ஆப் ஒண்டாத் திறந்தா, ஒண்டுல கேள்வி இரிக்கும், மத்ததுல விடை இரிக்கும். பாத்து எழுதுவாங்க எண்டு பயம்."

"நான் பாத்து எழுதவா கேக்குறேன்? என்ன கேக்குறாங்கன்னு படிக்கத்தானே கேக்குறேன்," என்றார் லிங்கம், செவி மங்கியோர்க்கு இயல்பான உரத்த குரலில். கீழே கடையில் நின்றோர் அண்ணாந்து பார்த்தனர். "ஆப் செய்றவங்க எல்லாரும் ரெண்டுக்கு எடம் விட்டே ஆவணும்னு சட்டம் போடணும் தம்பி."

"சட்டம் வந்தா கொழும்புல உள்ள பெரிய கம்பெனி செய்யும். நாங்க மூணு பேர். ஒவ்வொரு டேப்லெட்டும் ஒவ்வொரு அளவு. எல்லாத்துலயும் சோதிச்சு முடிக்க ஒரு வருசம் போகும். கட்டாயம் எண்டா கடையச் சாத்துவோம். தமிழ்ல இரிக்கிற இந்த ஒரு ஆப்பும் இல்லாமப் போகும்."

லிங்கம் தாளை இருமுறை படித்தார். "இருந்தும் எனக்கு இல்லாத மாதிரிதானே தம்பி?"

ஷாஹ்மி, நிலையத்தாரிடம் உத்தரவு கேட்டுப் பார்ப்பதாக மட்டும் எழுதினார். அவர் கூறியதில் பொய்யில்லை. கட்டாயம் சிறியோரை நசுக்கும் என்பது மெய்யே. ஆயினும் ஒருவர் பிழைப்புக்கான வாயில் ஒரு செயலியின் வழியே அமையுமாயின், அவ்வாயில் அனைவர்க்கும் திறக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்துவதே அறம். அச்செலவை மூவர் தலையில் ஏற்றாமல் ஊர் ஏற்கவேண்டும்.

ஷாஹ்மி சொன்னபடியே கேட்டார். ஒருவர்க்குத் தந்தால் அனைவரும் கேட்பர், அடுத்த அணியில் பரிசீலிக்கலாம் என்று நிலையம் விடையிறுத்தது. கொழும்பிலுள்ள உரிய அரசு அலுவலகத்துக்கு லிங்கம் தாமே எழுதிய கடிதத்துக்கு, கவனத்திற் கொள்ளப்பட்டது என்று ஒருவரி வந்தது.

தேர்வு வாய்மொழித் தேர்வு. அறையில் வேறு ஆளும் வேறு கருவியும் இருத்தலாகாது என்று ஒப்பமிடச் செய்திருந்தனர். முந்தைய நாள் ஜெயகுமார் ஒரு யோசனையோடு வந்தான். இரகசியத்தையும் லிங்கத்திடம் கத்தியே சொல்லவேண்டியிருந்தமையால் லயம் முழுதும் கேட்டது.

"மாமா! என் ஃபோன டேப்லெட்டுக்குப் பின்னால ஒளிச்சு வைங்க! கேமராவுக்குத் தெரியாது!"

"கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்டா."

"யாரு பாக்கப்போறா?"

"யாரும் பாக்கமாட்டாங்க."

"அப்புறம் என்னா?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. கூடாதுன்னா கூடாது."

"நாளைக்கு மலையில மம்பட்டி புடிக்கிறப்பவும் இதையே சொல்லிக்கிட்டு இருங்க," என்று சினந்து சென்றான். பூவம்மாவின் முகமும் அவன் சொன்னதே சரி என்றது.

தேர்வன்று பூவம்மா வெளியே, இஸ்தோப்பு என்னும் முன்திண்ணையில் சுவரோடு சாய்ந்து நின்றார். தேர்வாளரின் முகம் திரையில் நகக்கண் அளவே இருந்தது, உதடு புலப்படவில்லை. மறுமுறை சொல்லுமாறு லிங்கம் வேண்டினார். சொன்னார், விளங்கவில்லை. டேப்லெட்டிலேயே உள்ள செயலி வேறு கருவியன்று, தேர்விலேனும் மூடாது என்ற துணிவில், கேள்வியைப் படிக்க எழுத்துச் செயலியைத் திறந்தார், தேர்வு மூடிக்கொண்டது. மீண்டும் நுழைந்தார். மூன்றாம் கேள்விக்கு, ஊகத்தால், இயந்திரத்தைச் சுத்தம் செய்யும் முறையை விரிவாக எடுத்துரைத்தார். வெளியே பூவம்மா முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். பின்னும் இருமுறை எழுத்துச் செயலியைத் திறந்து பார்த்தார்; மூன்றாம் முறை மூடியபின் தேர்வு திறக்கவே இல்லை. தேர்விடத்தை விட்டு மும்முறை வெளியேறியவர் என்று பதிந்து, தகுதியற்றவர் என்று அன்றே முடிவு வந்தது.

அடுப்படியில் பூவம்மா கணவர் எதிரே அமர்ந்து, சொல் சொல்லாகக் கேட்டார்.

"ரோலர்ல எலை ரொம்பச் சூடேறுனா மொதல்ல என்னா செய்வீங்க?"

"அழுத்தத்த எடுத்துருவேன். எலை ஆறணும். சின்னப்புள்ள கேள்வி. எதுக்குக் கேக்குற?"

"மூணாவது கேள்வியா அதத்தான் கேட்டாரு."

லிங்கம் தம் உள்ளங்கைகளை விரித்து நோக்கினார். "நல்லா ஒழுங்கா கேட்டிருக்காரு," என்றார் பின்னர்.

தை மாதத்தில் ரோலர் அறைக்கு வேறொருவர் வந்தார். லிங்கம் மலையில் மழைநீர் வடியக் கான் வெட்டுகிறார். அடுத்த அணிக்கு வகுப்பு நடக்குமா என்பதற்கு நிலையத்தாரிடமிருந்து மறுமொழி இல்லை. டேப்லெட்டை அலுவலகம் திரும்பப் பெற்றுக்கொண்டது. மேலிருந்து கல் உருண்டால் பிறர் எழுப்பும் கூவல் அவர்க்குக் கேளாது என்பதால், காலையில் மலையேறும் வரை பூவம்மா அவரோடு நடந்து, தொட்டு எச்சரிக்க அவருக்கு மேற்பக்கமாக எவரையேனும் நிறுத்திவிட்டே தாம் கொழுந்து பறிக்கும் மலைக்குப் போகிறார்.

கதிர்காமத்து வேலவா, இவர்க்கு நீதி வாங்கித் தர வல்லார் இங்கு எவரையும் காணோம். நீயேனும் இவர் மனையைக் காத்தருள்க. அங்கே உலை நாளும் கொதிக்க; கூரை காற்றுக்குத் தப்புக; சென்றவர் இருவரும் மாலையில் முழுமேனியராய்த் திரும்புக; அவ்விருவரிடை அன்பு குன்றாதொழிக.