கடை வாசலில் நின்ற மாடுகள்

குடியை விட்டுப் பதினோராம் நாள். குரும்பகரம் சாலையில் சாராயக்கடையைக் கண்டதும் என் ஸ்கூட்டர் தானாக வேகம் குறைந்தது. நான் யோக்கியன், குற்றம் ஸ்கூட்டருடையது.

எழுபதுகளில் அப்பா குடியை விட்ட வாரம், எங்கள் வண்டிமாடுகளும் பழக்கதோஷத்தில் இதே போலக் கடை வாசலில் நின்றுவிட்டன. அப்பா வாலை முறுக்கியும் அவை அசையவில்லை. அவருக்கு வியர்த்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கடைக்காரர் ஓடிவந்தார்.

"எறங்காதீங்கண்ணே! எறங்குனா ஊத்திக் குடுத்துருவேன், என் கை அப்படி."

மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தெருமுனைவரை அவரே இழுத்துப்போனார். மாடுகள் திருந்த ஒரு மாதம் ஆனது. அதுவரை தினமும் இழுத்தார்.

நான் ஸ்கூட்டரை ஓரங்கட்டி, பின்னால் இருந்த மனைவியிடம், "கொஞ்சம் நீ ஓட்டுறியா?" என்றேன்.

"ஏங்க, வண்டி கெட்டுப்போச்சா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு" என்று பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.