குன்றுக்கு அப்பால் ஒரு பக்கத்து வீட்டுக்காரர்

கோவேறு கழுதையைக் கலப்பையில் பூட்டுவதற்கு முன் ஐசம் கூல்ஸ்பி தொப்பியைக் கழற்றி, பைன் மரங்கள் அடர்ந்த குன்றை நோக்கி ஒருமுறை ஆட்டுகிறார். "வணக்கமுங்க, பக்கத்து வீட்டுக்காரரே!"

குன்றுக்கு அப்பால் அமெரிக்க ஜனாதிபதிக்கு ஒரு பண்ணை இருக்கிறது. வெந்நீரூற்றுக்காக ஜார்ஜியா வருகிறவர், அப்படியே நிலமும் வாங்கிப் போட்டார். "அவரு காரு இந்த வழியாத்தான் போச்சு. கிளம்புன புழுதி அம்புட்டும் எம்மேலதான். ரெண்டு நாள் குளிக்கவே இல்லியே நான்!" என்பார் ஐசம்.

வயது அறுபது. விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்கு உழுகிறவர். நிலமும் வீடும் நிலக்காரர் கோஃபருக்குச் சொந்தம். கழுதை மட்டும் இவருடையது, பெயர் ஜட்ஜ். "ஏழை சொல்றத ஒருநாளும் காதுல வாங்காது. அதான்."

உழும்போதெல்லாம் குன்றோடு பேசிக்கொண்டே போவார். பருத்தி விலை விழுந்தது, சோள ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள உப்புக்கறி இல்லாதது, எல்லாம் அங்கே போய்ச் சேரும். பதில் வராதது பற்றிக் குறை கிடையாது. சாமியிடம் வைக்கிற நம்பிக்கையை ஒரு மனிதரிடம் வைக்கலாமா என்று கேட்டேன். "சாமிக்கு இந்த ஊர்ல பண்ணை இல்லியே, தம்பி" என்றார். இதைவிடத் தெளிவான விடையை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

இந்த 1933 கோடையில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரரின் அரசாங்கம் ஒரு ஆணை போட்டது. விலை ஏற வேண்டுமானால் பருத்தி குறைய வேண்டும். வளர்ந்து நிற்பதில் ஒரு பங்கை உழுது புதைத்துவிட வேண்டும். அதற்கு ஈடாக வரும் பணம் நிலக்காரருக்கு. முதுகில் கிழியாத சட்டை இல்லாதவன் பருத்தியை மண்ணுக்குள் தள்ள வேண்டும். அதற்குக் கூலி அவன் முதலாளிக்கு!

கோஃபர் காரை விட்டு இறங்காமலே சொன்னார்: "வியாழக்கிழமை அரசாங்க ஆள் வர்றான். அதுக்குள்ள மேட்டு வயல உழுதிருக்கணும். இல்லேன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டு நடையைக் கட்டு." பக்கத்து வயலில் வாரத்துக்கு உழும் வெர்ஜில் ஸ்காகின்ஸுக்கும் அதே உத்தரவு.

உழத்தான் முடியவில்லை. வரிசையைப் பிடுங்க வேண்டுமானால் கழுதை செடிமேல் நடக்க வேண்டும். குட்டியாக இருந்த நாள்முதல், செடிமேல் குளம்பு பட்டால் காலில் ஒரு அடி விழும். இந்தப் பக்கத்துக் கழுதைகள் எல்லாம் அப்படிப் பழகியவை. ஜட்ஜ் கல்லாக நின்றது. சாட்டையை எடுத்த ஐசம் கீழே போட்டுவிட்டார்.

"மிதிச்சா அடிச்சேன். இப்ப மிதிக்கலேன்னு அடிக்கவா? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அடிப்பேன்?"

வேலிக்கு அந்தப்பக்கம் வெர்ஜிலின் கழுதை ரூபிக்கும் அதே கதைதான். ஐசம் கறுப்பர், வெர்ஜில் வெள்ளைக்காரர். வயதில் ஐசமுக்குப் பாதி, வறுமையில் குறைவில்லை.

"ஏய் ஐசம்! ஒன் பக்கத்து வீட்டுக்காரர வந்து உழச் சொல்லேன்!"

"சொல்லியாச்சுங்க மிஸ்டர் வெர்ஜில். ஒங்க வயலத்தான் மொதல்ல உழுவாராம். அதானே வழக்கம்?"

வெர்ஜில் தன்னையும் மீறிச் சிரித்துவிட்டார். ஆனாலும் சின்னவர் 'நீ' என்பார். பெரியவர் 'நீங்க' என்றே சொல்ல வேண்டும். கோஃபரின் கிணற்றடியில் தொங்குவது இரண்டு குவளைகள். தோலின் நிறம் பட்டுத் தண்ணீர் கெட்டுவிடும் என்று நம்புகிற மூடத்தனத்துக்குப் பஞ்சமே கிடையாது.

புதன்கிழமை ஐசம் வேலியருகே போனார்.

"மிதிக்கத்தானுங்களே மாட்டேங்குது? மிதிக்காமலே உழலாமுங்க. வரிசைக்கு இந்தப்பக்கம் ஜட்ஜு, அந்தப்பக்கம் ரூபி. நடுவுல கலப்பை. ரெண்டும் வெறும் மண்ணுலயே நடக்கும்."

வெர்ஜில் புகையிலையைத் துப்பினார். "என் கழுதையும் ஒன் கழுதையும் ஒரே நுகத்தடியிலயா? ஊர் என்ன சொல்லும்?"

"ஊரு நாளைக்கு நம்ம சாமான் வீதிக்கு வர்றதையும் வேடிக்கை பாக்குமுங்க."

ஜட்ஜ் ஐசமின் குரலுக்குத்தான் நகரும். ஆகவே கலப்பை ஐசம் கையில். முன்னால் கழுதைகளைப் பிடித்து நடப்பவர் வெர்ஜில். "ரோட்டுல யாராச்சும் வந்தா கை மாத்திக்கணும், தெரியுதா?" என்று மட்டும் சொல்லிவைத்தார். ஒரு கறுப்பருக்கு எடுபிடியாக நடப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாதாம்.

கழுதைகள் நடந்தன. பூவோடும் பிஞ்சோடும் செடிகள் கவிழ்ந்தன. ஐசமின் வயல் அன்றே முடிந்தது. மறுநாள் வெர்ஜிலின் வயலில் கடைசி வரிசைக்கு வரும்போது ரோட்டில் புழுதி கிளம்பியது. அரசாங்கக் கார்.

ஐசம் கலப்பையிலிருந்து கையை எடுத்தார். வெர்ஜில் ரோட்டைப் பார்த்தார். மீதியிருந்த செடிகளைப் பார்த்தார்.

"நிறுத்தாத. நின்னா இதுங்க மறுபடி நகராது. நீ ஓட்டு."

வந்தவர் இரண்டு வயல்களையும் பார்த்தார், சரி என்று கையசைத்தார், போய்விட்டார். பணம் கோஃபருக்குத்தான் போகும். அந்த அநியாயம் அப்படியே இருக்கிறது. ஆனால் இரண்டு வீட்டு அடுப்பும் இருந்த இடத்திலேயே எரியும். வெர்ஜில் உழுத மண்ணில் மல்லாந்து படுத்து, வானத்தைப் பார்த்து ஓவென்று சிரித்தார்.

ஐசம் கழுதைகளை அவிழ்த்துவிட்டு, குன்றுப் பக்கம் திரும்பித் தொப்பியைக் கழற்றினார். ஆட்டவில்லை. அதை வாளியில் முக்கி, நிறையத் தண்ணீர் எடுத்து ஜட்ஜின் வாயருகே பிடித்தார். அது குடித்து மிச்சம் வைத்ததை அப்படியே ரூபிக்கு நீட்டினார்.