வகுப்பில் பேசிக்கொள்ளலாம்

அந்த செமஸ்டர் முழுக்க என்னோடு படித்த பையனை ஐசலினிலிருந்து பிஸ்கட்டவேயில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு என் காரில்தான் கூட்டிக்கொண்டு போனேன். அதற்குக் கைம்மாறாக எல்லோர் முன்னாலும் என்னை ‘ஆன்ட்டி’ என்பான். நாற்பது வயதில் மறுபடி படிக்கப் போனவளுக்கு அது சுருக்கென்று தைக்கும் என்று அந்த ஈரோட்டுப் பையனுக்கு நன்றாகவே தெரியும்.

ஜப்பானிய மாணவர்களும் மற்ற நாட்டுக்காரர்களும் கலந்து உட்கார்ந்து படிக்கும் வகுப்பு அது. எங்கள் குழுவில் நாங்கள் இருவர், ஒரு பிரேசில்காரன், ஒரு கொரியாக்காரி, ஒரு ஜப்பானியப் பெண். முடிவில் குழுவுக்கு ஒருவர் கோடைப் பயிற்சிக்கு டோக்கியோ போகலாம். யார் என்பதைக் குழுவே தீர்மானிக்க வேண்டும். அவன் விண்ணப்பித்த கம்பெனியெல்லாம் கைவிரித்திருந்தது. இதுவும் போனால் கோடையில் வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான்.

ஜப்பானியப் பெண் வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். அவன் திறந்த வாயை மூடமாட்டான். “அது சாவி குடுத்தாத்தானுங்க பேசும், ஆன்ட்டி” என்று காரில் அவளைப் போலவே குனிந்து காட்டுவான்.

வகுப்புக்கு வெளியே அவள் வேறு ஆள். எதுவானாலும் முன்கூட்டியே ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்துப் பேசிவிடுவாள். நாலு பேர் நடுவில் ஒருவரை மறுத்துப் பேசுவது அவர்கள் ஊரில் மரியாதைக் குறைவாம். கூடி உட்காருவது தலையாட்ட மட்டும்தானாம்.

கடைசி வகுப்புக்கு முன்பு எனக்கு டீ வாங்கிவந்து, யார் போனால் சரியாக இருக்கும் என்று கேட்டாள். கொரியாக்காரி என்றேன். பாதி வேலையை அவள்தான் செய்திருந்தாள். பிரேசில்காரனும் அதையே சொன்னானாம். ஈரோட்டுப் பையனையும் வராந்தாவில் நிறுத்திக் கேட்டிருக்கிறாள். வகுப்பில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அதையும் காரில் பெருமையாகச் சொன்னான். ஒரு வார்த்தை எச்சரித்திருக்கலாம்தான். ஆனால் அன்றைக்கும் வழியெல்லாம் ஆன்ட்டி, ஆன்ட்டி என்றே வந்தான். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

கடைசி வகுப்பன்று இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, தன்னை ஏன் அனுப்ப வேண்டும் என்று திரையில் படம் போட்டு விளக்கினான். ஜப்பானியப் பெண் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினாள். அவன் குரல் ஏறிக்கொண்டே போனது. முடித்ததும் அவனுக்கு நன்றி சொல்லிவிட்டு, கொரியாக்காரியை டோக்கியோவுக்கு அனுப்பலாமா என்று கேட்டாள். நானும் பிரேசில்காரனும் கையைத் தூக்கினோம். காபி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இன்னும் பேசவே ஆரம்பிக்கவில்லையே என்றான்.

திரும்பும்போது காரில் கேட்டான்.

“உங்களையும் முன்னாடியே கேட்டாளுங்களா, ஆன்ட்டி?”

“உன்னையும்தான் கேட்டா.”

பாட்டுக் கேட்பதற்காக அவன் போனை என் கார் ஸ்பீக்கரோடு இணைத்து வைத்திருந்தான். அதில் அவன் அம்மாவின் குரல் வந்தது. ஈரோட்டில் இரவுச் சாப்பாடு முடிந்திருந்தது. பையன் ஜப்பான் போகப்போகிறான் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டாராம். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்த அம்மா, பக்கத்தில் நான் இருக்கிறேனா என்று கேட்டார். இருக்கிறேன் என்றேன்.

“நீயாச்சும் சொல்லு அம்மிணி. எம்பையன் அங்க நல்லா பண்றானா?”

அவன் என்னைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது.

“நல்லா பேசறான்மா” என்றேன்.