வராத சொல்லுக்குக் காத்திருந்த காலை

முதலில் காணாமல் போனது ஒரு சாதாரணச் சொல். கதவு.

அன்று காலை என் நாவலின் கடைசி அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருந்தேன். பல வருடங்களாகப் பேச்சுவார்த்தை இல்லாத அக்கா, தங்கையின் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். தங்கை உள்ளே இருக்கிறாள். இருவருக்கும் நடுவில் அது இருக்கிறது. எனக்கு அது கண்முன்னால் தெரிந்தது. பச்சை பெயின்ட், பித்தளைத் தாழ்ப்பாள், மழைத்தண்ணீர் பட்டு அடியில் உப்பிப்போன மரம். பெயர் மட்டும் வரவில்லை.

நான் பதறவில்லை. அதுதான் நான் செய்த முட்டாள்தனம். எழுதுகிறவர்களுக்குச் சொல் வராமல் போவது புதிதா என்ன? கல்லூரிகளில் பேசக் கூப்பிடுவார்கள். ஆயுள் முழுக்கச் சலிக்காமல் எழுதுவது எப்படி என்று பிள்ளைகள் கேட்பார்கள். நான் வைத்திருந்த பதில் ஒன்றுதான். வராத சொல்லை விரட்டாதீர்கள், மேஜையை விட்டு எழுந்திருக்காதீர்கள், உட்கார்ந்திருங்கள், அது வரும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். அந்தக் காலையில் என் அறிவுரையை நானே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எழுத்து வரியை விட்டுக் கீழே சரிந்து சரிந்து போனது. பேனா சரியில்லை என்று வேறு பேனா எடுத்தேன். அதுவும் சரிந்தது.

எங்கள் வீடு வண்ணார்பேட்டையில், பஸ் ஹாரன் ஓயாத ஒரு சந்தில் இருக்கிறது. தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே எழுதுகிற எனக்குக் காலை நேரம் மட்டும்தான் சொந்தம். அதையும் சும்மா யாரும் தரவில்லை, சண்டை போட்டுத்தான் வாங்கினேன். நான் மேஜையில் இருக்கும்போது யாரும் தொந்தரவு செய்யக் கூடாது. எதையாவது கேட்டு நான் பதில் சொல்லாவிட்டாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. என் கணவர் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். இந்த விதிக்குப் பழக அவருக்குப் பல வருடம் ஆனது. பழகிய பிறகு அவரைப் போல ஒழுங்காக நடந்துகொண்டவர் யாரும் இல்லை.

அன்று கடைக்குக் கிளம்பும்போது அறையை எட்டிப் பார்த்தார். "கோமதி, போயிட்டு வாரேன்" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

"சரி சரி, நீ எழுது" என்று சொல்லிவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

நான் கேட்டு வாங்கிய அமைதிக்குள் தனியாக இருந்தேன். வலது கை மேஜையிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. அதைத் தூக்க முடியவில்லை. எழுந்திருக்கவும் முடியவில்லை. கத்தினால் சந்தில் யாருக்காவது கேட்கும். கத்துவதற்கு எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது என்று தெரியவில்லை.

எங்கள் வீட்டில் அந்த விதியை மதிக்காத ஒரே ஆள் சொர்ணம் மதினி. என் அண்ணன் மனைவி, பக்கத்து வீடு. மதினி இல்லாமல் என் நாவல்களும் இல்லை. எழுதப்போகும் அத்தியாயத்தை, முந்தின நாள் சாயங்காலம் வெங்காயம் உரித்துக்கொண்டே மதினிக்கு வாயால் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். மதினி எங்கே கொட்டாவி விடுகிறாரோ அந்த இடத்தை வெட்டிவிடுவேன். எந்த விமர்சகரும் எனக்கு அந்த அளவுக்கு உபகாரம் செய்ததில்லை.

மத்தியானம் மதினி தூக்குவாளியோடு வந்தார். வழக்கம் போலத் தட்டாமல் உள்ளே நுழைந்தார்.

"ஏட்டி, சொதி வச்சேன். சூடு ஆறுததுக்குள்ள..." என்றவர் அப்படியே நின்றார். "ஏட்டி கோமதி, வாயி ஏன் ஒரு பக்கமா கோணிருக்கு?"

தூக்குவாளியைக் கீழே போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடி ஆட்டோவைக் கூப்பிட்டார். என் சேலையெல்லாம் தேங்காய்ப்பால் சொதி. அந்த வாசனையோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே ஒரு பெண் டாக்டர் வரிசையாகக் கேள்விகள் கேட்டார். எல்லாம் எனக்குப் புரிந்தது. பதில் சொன்னது, கடையிலிருந்து ஓடிவந்திருந்த என் கணவர்.

"இவங்க நல்லா இருந்ததைக் கடைசியா யார் பாத்தீங்க?"

"காலைல நான்தான் பாத்தேன் டாக்டர். எழுதிக்கிட்டு இருந்தா."

"பேசினாங்களா?"

"எழுதுதப்ப பேச மாட்டா டாக்டர். நாங்களும் பேச மாட்டோம்."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஸ்கேனுக்கு அனுப்பினார். வந்திருப்பது இஸ்கீமிக் ஸ்ட்ரோக் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைத்துக்கொள்வது). முதல் சில மணி நேரத்துக்குள் வந்திருந்தால் த்ராம்போலிசிஸ் (கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து) கொடுத்துப் பார்த்திருக்கலாம். அந்த நேரம் தாண்டிவிட்டது. அந்த நேரம் முழுவதும் நான் ஒரு சொல்லுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

இதைப் படிக்கிற உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், குறிப்பாக எழுதுகிற உங்களுக்கு. தெரிந்த சொல் திடீரென்று வரவில்லை, கூடவே ஒரு கை தளர்கிறது, வாய் கோணுகிறது என்றால் அதற்கும் படைப்பு மனநிலைக்கும் சம்பந்தமே இல்லை. உட்கார்ந்திருக்காதீர்கள். உங்கள் வீட்டில் என்ன விதி இருந்தாலும் அதை உடைத்துக்கொண்டு யாராவது உள்ளே வரட்டும்.

எனக்கு மிஞ்சியதன் பெயர் அஃபேசியா (மூளையில் மொழிக்கான பகுதி அடிபட்டு, பேச்சும் எழுத்தும் தடைபடுதல்). அறிவு அப்படியே இருக்கும், கதை அப்படியே இருக்கும், சொல் மட்டும் வராது. நாவல் எழுதுகிறவளுக்கு இதைவிடப் பொருத்தமான நோயைத் தேடிப் பிடித்துக் கொடுக்க முடியாது.

எனக்கு ஒரே ஒரு சொல் மீதி இருந்தது. போதும். தண்ணீர் வேண்டும் என்று நினைத்து வாயைத் திறந்தால் "போதும்" என்று வரும். தண்ணீரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பசியோடு "போதும்" என்பேன், தட்டை நகர்த்துவார்கள். ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒப்பித்த பெருக்கல் வாய்ப்பாடு தங்குதடையில்லாமல் வந்தது. ஏழாம் வாய்ப்பாட்டை முழுக்கச் சொல்லத் தெரிந்தவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கேட்கத் தெரியவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. எனக்கே சிரிப்பாக இருந்திருக்கும், நான் வேறு யாராவதாக இருந்திருந்தால்.

ஒரு மத்தியானம் என் கணவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். "நான்தானே கோமதி கதவச் சாத்திட்டுப் போனேன். ஒரு வார்த்த கூப்பிட்டுப் பாத்திருக்கலாம்லா" என்றார். உங்கள் மேல் தப்பில்லை, நான் சொல்லிக் கொடுத்ததைத்தானே செய்தீர்கள் என்று சொல்ல நினைத்தேன். "போதும்" என்று வந்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்று நான் பட்ட வேதனையை எழுத இப்போதும் எனக்குத் தெம்பில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோ பாலத்தின்மேல் போனது. கீழே தண்ணீர், தண்ணீரில் வெயில், துணி துவைக்கிற ஆட்கள். இந்த ஆற்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அன்று அதற்கு என்னிடம் பெயர் இல்லை. அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

வீட்டில் என் எழுத்து மேஜை இல்லை. பார்த்தால் மனசு கஷ்டப்படும் என்று கணவர் அதைக் கடைக்கு எடுத்துப் போயிருந்தார். அந்த இடத்தில் ஒரு கட்டில் இருந்தது. பதிப்பாளர் போனில் அவரிடம், "உடம்பைப் பாக்கச் சொல்லுங்க, நாவல் எங்க போயிரப் போகுது" என்றாராம். நல்ல மனிதர். ஆனால் நாவல் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். எழுதாத கதை சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். காலையில் முழிப்பு வந்ததும் கண்ணை மூடியபடியே அக்கா இன்னும் வாசலில் நிற்கிறாளா என்று பார்ப்பேன். நின்றாள். அவளுடைய சேலை நிறம் எனக்கு மறந்துபோயிருந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வீட்டுக்கு வருவார். பட அட்டைகளைக் காட்டுவார். குடையைக் காட்டினால் ஒரு சிறுகதையே தோன்றும். மழையில் நனைந்துகொண்டு குடையைச் சைக்கிளுக்குப் பிடித்துப் போகும் ஒரு ஆள், அவன் மனைவி, அவர்கள் சண்டை. குடை என்ற சொல் தோன்றாது. "போதும்" என்பேன். அந்தப் பெண் பொறுமையாக அடுத்த அட்டையை எடுப்பார். அந்த மாதங்களில் நான் சாக விரும்பினேன். அதைச் சொல்ல மட்டும் சரியான சொல் என்னிடம் இருந்தது. ஆனால் நான் எதற்கும் அதையே சொல்கிறவள் என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஒருநாள் சாயங்காலம் மதினி வெங்காயமும் முறமுமாக வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இத்தன வருசமா நீ சொன்னே, நான் கேட்டேன். இன்னைக்கு நான் சொல்லுதேன், நீ கேளு" என்று கடைசி அத்தியாயத்தை ஆரம்பித்தார். நான் அவருக்கு ஒரே ஒரு தடவை சொன்னது. அக்கா பஸ்ஸைவிட்டு இறங்குவதும், வழி கேட்பதும், வாசலில் தயங்குவதும் ஒன்றுவிடாமல் அப்படியே வந்தது. சேலை நிறம் கூட வந்தது. மாம்பழ நிறம். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"உடனே தங்கச்சிக்காரி ஓடி வந்து கதவத் தொறந்துட்டா. ரெண்டு பேரும் கட்டிக்கிட்டு அழுதாளுவ. அப்புறம் அக்காளுக்கு ஒரு காப்பியப் போட்டு..."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அத்தனை மாதமும் வராத கோபம்.

"தொறக்கல."

மதினியின் கை நின்றது. "என்னது?"

"தொறக்கல. அவ... தொறக்கல."

"தொறந்தா என்னட்டி? கூடப் பொறந்தவ வந்து நிக்கா. ஒரு காப்பி குடுத்தா கொறஞ்சா போயிருவா? நீ சொன்ன அன்னைக்கே எனக்குப் பிடிக்கல. வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

"தொறக்கல!" என்று கத்தினேன். வாசலில் இருந்த கணவர் என்னமோ ஏதோ என்று ஓடிவந்தார். மதினியின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. வெங்காயத்தின் மேல் பழி போட்டுவிட்டு, சண்டையை மட்டும் விடவில்லை.

"சரி, ஏன் தொறக்கல? அதச் சொல்லு மொதல்ல."

அதைச் சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் மறுநாள் என் கணவர் கடையிலிருந்து மேஜையைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்.

நான் குணமாகிவிட்டேன் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். வலது கால் இழுக்கிறது. இடது கையால் எழுதுகிறேன். ஒரு காலைக்கு ஒரு வாக்கியம் கிடைத்தால் நல்ல காலை. கிடைத்த வாக்கியமும் மறுநாள் பார்த்தால் பாதி தப்பாக இருக்கும். ஆடிச் சாரல் காலத்தில் ஆரம்பித்த இந்தக் கட்டுரை, ஐப்பசி மழையும் விட்ட பிறகுதான் முடிகிறது. மறுபடி அடைப்பு வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். நாவல் முந்துமா, அது முந்துமா என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது. ஆயுள் முழுக்க எழுதுவது எப்படி என்று இப்போது யாராவது கேட்டால் பதில் இல்லை. ஆயுள் என்பதே ஒரு காலை, ஒரு வாக்கியம் என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது.

என் கணவர் வீட்டில் எந்தக் கதவையும் இப்போது சாத்துவதில்லை. பஸ் சத்தம், குழாயடிச் சத்தம், யார் வீட்டுக் குக்கரோ விசில் அடிப்பது, எல்லாம் என் மேஜைவரை வருகின்றன. முன்பென்றால் கத்தியிருப்பேன். இப்போது அந்தச் சத்தம் இருந்தால்தான் தைரியமாக உட்கார முடிகிறது.

எத்தனையோ சொற்கள் திரும்பி வந்தன. கதவு மட்டும் இன்றுவரை தானாக வரவில்லை. ஒருநாள் தடுமாறி விழப்போய் அதைப் பிடித்துக்கொண்டபோது, வாயில் அந்தச் சொல் இருந்தது. கை பட்டால் வருகிறது. மூளை வேறு பாதை தேடுகிறது என்றார் டாக்டர். கடைசி அத்தியாயத்திலோ அது வரிக்கு வரி வருகிறது. ஒவ்வொரு தடவையும் மேஜையை விட்டு எழுந்து, காலை இழுத்துக்கொண்டு போய், மரத்தின்மேல் உள்ளங்கையை வைத்து, சொல்லை வாங்கிக்கொண்டு, தொலைந்துவிடாமல் இருக்க அதையே முணுமுணுத்தபடி திரும்புகிறேன். சில தடவை நாற்காலியில் உட்காருவதற்குள் போய்விடும். மறுபடி எழுந்து போவேன். இந்தக் கட்டுரையில் அந்தச் சொல் வரும் இடத்திலெல்லாம் அது நான் நடந்து போய் எடுத்து வந்தது.

மதினி தினமும் மத்தியானம் வருகிறார். தட்டுவதில்லை, தட்டுவதற்கு எதுவும் சாத்தியிருப்பதும் இல்லை. தூக்குவாளியை மேஜையில் வைத்துவிட்டு, என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பார்.

"தொறந்தாளா?"

"இன்னும் இல்ல மதினி."